பிரிக்காத இரண்டாவது பொட்டலம்

பாலு,

இந்தக் காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை என்பதை நீ முதலில் பார்த்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை. மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடாமல் எழுதாதவள் உன் அம்மா. இன்றைக்குப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. எழுதப்போகிற விஷயம் அப்படிப்பட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம், முன்னே பின்னே இருக்கும். பொறுமையாகப் படி. படித்து முடித்துவிட்டு உன் கூட்டாளிக்கும் சொல். அவன் மராத்திக்காரன், தமிழ் தெரியாது என்று உன் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்காதே. அவன் பணமும் சேர்ந்துதானே போகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உங்கப்பா வாசலிலேயே நின்று பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். நீயும் உன் சிநேகிதனும் புனேயில் சொந்தமாக வரைபட ஆபீஸ் திறக்கப் போகிறீர்கள், மூன்று கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அந்த அட்டவணை. இரண்டு கம்பெனி பிராசஸர். ஒன்று ஊருக்கெல்லாம் பேர் தெரிந்தது, இன்னொன்று அதோடு போட்டி போடுவது. எது எத்தனை நொடியில் படத்தைப் போடுகிறது, என்ன விலை, கொடுத்த விலைக்கு எது அதிகம் உழைக்கிறது என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். உங்கப்பா அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தரம் படித்தார். "பையன் அளக்குறத விடல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

அதற்கடுத்த பாராவைப் படித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. நீ எழுதினதை அப்படியே திருப்பி எழுதுகிறேன். "என் கணக்கு ரெண்டாவது கம்பெனின்னு சொல்லுதும்மா. ஆனா அன்னிக்கும் என் கணக்கு அதான் சொல்லிச்சு, அம்மன் வேற சொன்னா. அவ சொன்னத வாங்கப் போய்த்தான் நான் புனே வந்து ஆளானேன். அதனால இதுக்கும் நீயே கோயில்ல பூக்கட்டிப் பாத்து எழுது. அவ எத சொன்னாலும் சரி. போன தடவ மாதிரியே ஒண்ணத்தான் பிரிக்கணும், ரெண்டாவதத் தொடக்கூடாது, ஞாபகம் இருக்கட்டும்."

உங்கப்பா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பின்பக்கம் போய்விட்டார்.

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கொன்றது, கண்ணு. இரண்டாவதைத் தொடக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைத்தான் இப்போது எழுத வேண்டும். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

உன் அம்மாவுக்கு எதையும் வெளியே பார்த்து மயங்குகிற புத்தி சின்ன வயசிலிருந்தே உண்டு. நீ மூன்றாவது படிக்கும்போது நாம் டிவி வாங்கினோம், நினைவிருக்கிறதா? அம்பத்தூர்க் கடையில் இரண்டு பெட்டியை ஓட விட்டுக் காட்டினார்கள். உங்கப்பா இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதில் மூக்கு தெளிவாக இருக்கிறது, அதில் எழுத்து ஆடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படத்தையே பார்க்கவில்லை. ஒரு பெட்டிக்கு மரத்தில் இழுத்து மூடுகிற கதவு இருந்தது. பீரோ மாதிரி மூடிப் பூட்டலாம். எனக்கு அதுதான் வேண்டும் என்று நின்றேன். வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கக் குவார்ட்டர்ஸ் முழுக்க வந்து உட்காரும், படம் கீழேயிருந்து மேலே உருண்டு உருண்டு போகும். நீ எழுந்துபோய் அதன் தலையில் தட்டுவாய். அப்போதும் நான் வந்தவர்களிடம், "கதவு பாத்தீங்களா, தேக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கும்.

அதற்கு நேர் எதிராகவும் ஒன்று பட்டேன். பொருட்காட்சியில் மலிவாக ஒரு மிக்சி. பேர் கேள்விப்படாத கம்பெனி. உன் சித்தப்பா குடும்பம் வந்திருந்த அன்றைக்குத் தேங்காய் அரைக்கும்போது புகை விட்டு நின்றுபோயிற்று. உன் சித்தி வாயை முந்தானையால் மூடிச் சிரித்தாள். அன்றையிலிருந்து பேர் தெரியாத சாமான் என்றால் எனக்கு ஆகாது. பத்து வருஷம் கழித்து அந்த மிக்சியின் புகையை உன் தலையில் ஏற்றினேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். நீ பாலிடெக்னிக் முடித்து, அம்பத்தூரில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டிருந்தாய். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அச்சு வார்க்கிற பட்டறை வைத்திருந்தாரே, கொரட்டூர்க்காரர், அவர் உன்னிடம் சொன்னதை நீ வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய். "சொந்தமா மெஷின் வெச்சுக்கினு வா தம்பி. நம்ம ஷாப்பு டிராயிங் மொத்தமும் உனுக்குத்தான். ஒரு தபா நானே ஊட்டுக்கு வந்து பாக்கறேன், திருப்தியா இருந்தா அன்னிக்கே வேலைய ஆரம்பிச்சிக்கோ." உனக்கு வயசு இருபத்தொன்று. நம் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கலாம், ஆவடியை விட்டு எங்கேயும் போக வேண்டாம் என்று நீ கனவு கண்டாய். உன்னைவிட அதிகமாக நான் கண்டேன்.

நீ அதற்காக எப்படி அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். நாலு சனிக்கிழமை தொடர்ந்து ரயிலேறி, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போனாய். சட்டைப் பையில் ஒரு பிளாப்பி, அதில் ஒரே ஒரு வரைபடம். கையில் உங்கப்பாவின் கடிகாரம். ஒவ்வொரு கடையிலும் அதே படத்தைப் போட்டு, அது திரையில் முழுக்க வர எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவாய். ஒரு கடைக்காரன் கேட்டானாம், "இன்னா தம்பி, ஓட்டப் பந்தயம் நடத்திகினு கீற? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி அடுத்த கடைக்கு ஓடு." அதை நீ சொல்லிக் காட்டும்போது உங்கப்பா சாப்பிட்ட சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அந்த நோட்டு இப்போதும் பரணில் இருக்கிறது. அட்டையில் நீ எழுதியிருந்தது "வேகம் - விலை" என்று.

கடைசியில் இரண்டில் வந்து நின்றது. இரண்டுமே நானூற்றி எண்பத்தாறு என்கிற ஜாதிதான், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று பேர் பெற்ற கம்பெனியின் எஸ்எக்ஸ், முப்பத்து மூன்று. இன்னொன்று நான் கேள்விப்படாத கம்பெனியின் டிஎக்ஸ், நாற்பது. அந்த நம்பர் அதிகமாக இருந்தால் வேகம் என்றாய். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது என்று எனக்காக வெங்காயம் உரித்துக்கொண்டே விளக்கினாய். "ரெண்டும் மூளதாம்மா. ஆனா அந்த எஸ்எக்ஸ் இருக்கே, புள்ளி வெச்ச கணக்கு வந்தா வெரல் விட்டு எண்ணும். டிஎக்ஸ் வாய்ப்பாட்ட மனப்பாடமா தெரிஞ்சு வெச்சிருக்கு. வரைபடம்னா முழுக்க முழுக்க புள்ளி வெச்ச கணக்கு. லெட்டர் அடிக்கிறவனுக்கு மொதலாவது போதும். எனக்கு ரெண்டாவதுதான் வேணும்."

எனக்குப் புரிந்தது, பாலு. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி நீ நன்றாகத்தான் சொன்னாய். நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "அந்தக் கம்பெனிப் பேரு யாருக்குடா தெரியும்?"

"பேரு எதுக்கும்மா? படம் வரணும், அவ்ளோதான்" என்றாய்.

உங்கப்பா அப்போது ஒன்று சொன்னார். "பேர மைக்ரோமீட்டர்ல வெச்சு அளக்க முடியுமா? அளந்தவன் சொல்றான், கேளு." முப்பது வருஷம் பேக்டரி டூல் ரூமில் நின்றவர். அவருக்கு அளவு என்றால் வேதம்.

ஆனால் எனக்கு எதிர்வீட்டுத் தங்கம் அக்கா சொன்னதுதான் வேதம். அவள் வீட்டில் அப்போதே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முன்பக்கம் அந்தப் பெரிய கம்பெனியின் பேர் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அதை முந்தானையால் துடைப்பாள், குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி அத்தனை பதமாக. நான் போய் உன் விஷயத்தைச் சொன்னதும், அவள் ஊர்ப் பேச்சில் இழுத்தாள். "பேரு சொன்னா நாலு பேருக்குத் தெரியணும்லா. கண்டதயும் வாங்கி வச்சிட்டுப் பொறவு அழாதீய. எங்க பய எங்கிட்ட கேக்காமயே பெரிய கம்பெனி சாமானத்தான் வாங்கினான். வளத்த வளப்பு அப்படி."

வளர்த்த வளர்ப்பு. அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள். அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க நம் வீட்டுக்கு வரும், பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு உன் மெஷினைப் பார்க்கும். அதன் நெற்றியில் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் தங்கம் அக்கா உதட்டைச் சுழிப்பாள். உன் பிழைப்பு ஒரு தட்டிலும் அவள் உதடு ஒரு தட்டிலும் இருந்தன, நான் எதைப் பார்த்தேன் என்று சொல்லவே வாய் கூசுகிறது.

வீட்டில் இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால் அம்மனை இழுத்தேன். "பூக்கட்டிப் பாத்துடுவோம். அவ சொன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றேன். உன் கூட்டாளிக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் இரண்டு வழி இருந்து மனசு தடுமாறினால், ஒரு வழிக்கு வெள்ளைப் பூ, ஒரு வழிக்குச் சிவப்புப் பூ என்று வைத்துக்கொண்டு, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து நூலால் கட்டி, சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்போம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி சொன்ன வழி. உனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே சரி என்றாய். "பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குல்ல, அதுவே போதும்மா. எஸ்எக்ஸ்னு வந்தாலும் பின்னாடி அந்தக் கணக்குப் போடற சிப்ப தனியா வாங்கிச் சொருகிக்கறேன்" என்றாய். பாதிக்குப் பாதி என்று நீ நம்பினாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நீ குளிக்கப் போயிருந்தாய். குவார்ட்டர்ஸ் பின்னால் நந்தியாவட்டைச் செடியும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமே, அங்கே போய் இரண்டிலும் ஒவ்வொரு பூ பறித்தேன். வெள்ளை, பேர் பெற்ற கம்பெனிக்கு. சிவப்பு, நீ கேட்டதற்கு. சத்தியமாகச் சொல்கிறேன், பறிக்கிறவரை என் மனசில் களவு இல்லை. வெள்ளையை மடித்துக் கட்டினேன். அரளியைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தேன். இது வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். அரளியைச் செடிக்கடியில் போட்டேன். இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தேன். இரண்டாவது பொட்டலத்திலும் அதையே வைத்துக் கட்டினேன்.

இரண்டிலும் வெள்ளைப் பூ, பாலு. இதைத்தான் ஐந்து வருஷமாக உன்னிடம் மறைத்தேன்.

பக்திக்காரிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தெரியாதா என்ன. அவளுக்கு இஷ்டமில்லை என்றால் தட்டில் கற்பூரம் அணையட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரம் நன்றாகத்தான் எரிந்தது. அம்மன் என்ன செய்வாள்? எல்லையம்மன் கோயிலில் ஊர்க்காரர்கள் வேண்டுதலுக்கு மேல் வேண்டுதல் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு பொய்க்காரி கொண்டுவந்த தட்டின் கற்பூரத்தை அணைத்துக் காட்டுவதுதானா அவளுக்கு வேலை?

பூசாரி யாராவது குழந்தையைக் கூப்பிடச் சொன்னார். நான்தான், "அவனே எடுக்கட்டும், அவன் பிழைப்பு" என்றேன். நீ செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, நிஜமாகவே மூடி, எடுத்தாய். எது எடுப்பது என்று உன் விரல் இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரித்தாய். வெள்ளை. "உங்கம்மன் டிவியில விளம்பரம்லாம் பாப்பா போலருக்கு" என்று சிரித்தாய். பூசாரியும் சிரித்தார். அப்புறம், சும்மா ஒரு விளையாட்டுக்கு, இரண்டாவதைப் பிரிக்கக் கை நீட்டினாய். நான் பாய்ந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "ரெண்டாவதப் பிரிக்கக் கூடாது, சாமி குத்தம்" என்றேன். பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த இடத்தில் என் வாயில் வந்த சட்டத்தைத்தான் ஐந்து வருஷம் கழித்து நீ எனக்கே நினைவுபடுத்தி எழுதியிருக்கிறாய்.

மெஷின் வந்தது. ஆயுத பூஜையும் வந்தது. சந்தனம் குங்குமம் வைக்கும்போது ஸ்டிக்கரில் படாமல் சுற்றி நாலு பக்கமும் வைத்தேன், பேர் மறையக் கூடாது என்று. தங்கம் அக்கா குனிந்து பார்த்து, "எங்களுதேதான்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

அடுத்த வாரம் கொரட்டூர்க்காரர் வந்தார். முன்னறையில் நாற்காலி போட்டேன். அவர் கொண்டுவந்த அச்சின் வரைபடத்தை நீ ஏற்றினாய். திரையில் ஒரு கோடு வந்தது. அப்புறம் இன்னொரு கோடு. நான் காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் குடித்து முடித்தார். படம் இன்னும் வந்துகொண்டிருந்தது. ஒரு துளையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தாய், படம் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு கோடாக வர ஆரம்பித்தது. நான் போண்டா கொண்டுவந்தேன். அவர் ஒன்றை எடுத்து, தின்று, விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "இன்னா தம்பி இது, மார்கழி மாசக் கோலம் மாரி ஒவ்வொரு இழையா போட்டுகினு கீது." கெட்ட மனுஷரில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நீயும் சிரிக்கப் பார்த்தாய். உன் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

எழுந்திருக்கும்போது, "நசரத்பேட்டைல ஒரு புள்ள கீது. அது மெஷின்ல தட்னா தட்ன மாரி வருதுபா. உன் கைல வேலை சுத்தமாத்தான் கீது, மெஷின்தான் ஒத்துழைக்கல. தப்பா நெனச்சுக்காத" என்று உன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தப் பையனின் மெஷினில் இருந்தது என்ன என்று நீ விசாரித்துத் தெரிந்துகொண்டாய். அதே டிஎக்ஸ், நாற்பது. அதே கடை. தனியாகச் சொருகலாம் என்றாயே ஒரு சிப், அது விற்கிற விலைக்குப் புது பிராசஸரே வாங்கிவிடலாம் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான்.

நீ என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதுவும் பொய்தானோ என்னவோ. நீ திட்டவில்லை. மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாய். "என் கையாலதானம்மா எடுத்தேன். இந்த வேல எனக்கு வேணாம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாய். சாமி கும்பிடச் சொன்னால் ஓடுகிற பிள்ளை. உன்னை அன்றைக்குப் பக்திமானாக்கினேன், எதை வைத்து என்று பார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ஆமாம் கண்ணு" என்றேன். பூவை மாற்றியதுகூட ஒரு நொடிப் புத்தி. இந்த "ஆமாம்" எனக்கு மன்னிப்பே இல்லாத வார்த்தை. என் களவுக்கு அவளை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு மாசத்தில் நீ புனே வேலைக்கு எழுதிப் போட்டுக் கிளம்பிவிட்டாய். சென்ட்ரலில் ரயில் நகர்ந்த பிறகு, பிளாட்பாரத்தில் நின்றபடியே உங்கப்பா என்னைக் கேட்டார், "அந்த ரெண்டாவது பொட்டலம் எங்க?" நான் வெளியே போகிற வழியைப் பார்த்து நடந்தேன். அவரும் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆவடி வருகிறவரை மின்சார ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

பொட்டலம் என்னிடம்தான் இருந்தது. எறிந்துவிடலாம் என்றால் சாமி காலடியில் கிடந்த பொருள், தெருவில் போடக்கூடாது. ஏரியில் விடலாம் என்று இரண்டு தரம் கையில் எடுத்துக்கொண்டு போனேன், கரையில் நின்றால் கை வராது. பிரித்துப் பார்க்கவும் பயம். குங்குமச் சிமிழ் வைக்கிற தகரப் பெட்டியில் அடியில் போட்டு வைத்தேன். தினமும் காலையில் குங்குமம் எடுக்கும்போது விரல் அதில் படும்.

நீ அங்கே நன்றாக வந்தாய். சம்பளம் உயர்ந்தது, நல்ல பேர் எடுத்தாய். ஊரார் கேட்கும்போதெல்லாம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் எல்லையம்மன் பூவால் காட்டின வழி." வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற பெண்களிடம் சொல்லிச் சொல்லி, இரண்டு பேர் தங்கள் பிள்ளை விஷயத்துக்கு என்னையே பூக்கட்டித் தரச் சொன்னார்கள். கட்டியும் கொடுத்தேன். அவர்களுக்கு ஒழுங்காகத்தான் கட்டினேன். என் பிள்ளைக்குத்தான் அந்த ஒழுங்கு கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது, போனது ஒரு வேலை, அதற்குப் பதில் நல்ல வேலை கிடைத்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று. உன் கடிதம் வந்த பிறகுதான் போனது என்ன என்று தெரிந்தது. நாலு சனிக்கிழமை கடிகாரத்தோடு அலைந்து, "படம் வரணும், அவ்ளோதான்" என்று சொன்ன பிள்ளை, இன்றைக்குத் தன் கையால் அளந்த கணக்கை வைத்துக்கொண்டு அதை நம்பப் பயப்படுகிறான். இருக்கிற சேமிப்பெல்லாம் போட்டு வாங்கப்போகிறவன், அவன் நோட்டை விட்டுவிட்டு என் பொட்டலத்தைக் கேட்கிறான். அந்த நம்பிக்கையைத்தான் நான் உன்னிடமிருந்து திருடினேன். வேலையைத் திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்த வெள்ளிக்கிழமை செடிகிட்டே போனேன். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறித்தேன். இந்தத் தடவை நேர்மையாகக் கட்டிவிடலாம், பழசை யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் போனேன். உன் அம்மாவின் புத்தி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பார். காகிதத்தை மடித்தபோது ஒன்று உறைத்தது. நான் எத்தனை நேர்மையாகக் கட்டினாலும் நீ அதை நம்புவது என் பழைய பொய்யால்தானே. இரண்டு பூவையும் சாமி படத்துக்கு வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

உங்கப்பாவிடம் முதலில் சொன்னேன். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார், இப்போதெல்லாம் அவர்தான் நறுக்குகிறார், எல்லாம் ஒரே அளவில். கத்தியை வைக்காமலே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலம் செடிக்கு தண்ணி ஊத்தப் போனேன். அடியில ஒரு அரளிப்பூ கெடந்துது. உதுந்த பூ இல்ல, காம்போட கிள்ளின பூ."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

நறுக்கின காயைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "மெஷின் வாங்கறதுக்கு இன்னும் நாலு நாள் இருந்துது. சொல்லிருக்கலாம். ஊட்ல சண்ட வரும்னு உட்டுட்டேன். அது என் பங்கு. அதையும் அவனுக்கு எழுது." எழுதிவிட்டேன்.

பாலு, நான் சாமியை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. நான் விடமாட்டேன், நீயும் விடாதே. காலையில் எழுந்தால் கும்பிடு, ஆபீஸ் திறக்கும்போது கும்பிடு. ஆனால் கடிகாரம் வைத்துப் பார்த்துவிடக்கூடிய விஷயத்தை அவளிடம் கொண்டுபோய்க் கேட்காதே. அவளுக்குப் பிராசஸர் தெரியாது என்பதற்காக இல்லை. நடுவில் பூக்கட்டுகிறது என்னைப் போல ஒரு மனுஷி. அவள் கையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் நோட்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உங்கப்பா உன் அட்டவணையை இன்னொரு தரம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கணக்கு சரியாக இருக்கிறதாம். எதை வாங்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். எனக்குச் சொல்லுகிற யோக்கியதை இல்லை.

நீ இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாசம் பேசாமல் இருந்தாலும் இரு. போன் வரும் என்று பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டேன். உனக்கே தோன்றும்போது கூப்பிடு.

இந்த உறைக்குள் சின்னதாக ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது, நூல் மட்டும் மஞ்சளாகிவிட்டது. பிரித்துப் பார். செவ்வரளி எத்தனை வருஷம் காய்ந்தாலும் கறுத்த சிவப்பாகத் தெரியும். இதில் ஒரு துளி சிவப்பு இருக்காது. சாமி குத்தம் ஒன்றும் வராது, வந்தால் அது எனக்கு வர வேண்டியது.

அன்றைக்கு உன் கை தப்பாக எடுக்கவில்லை, கண்ணு. எடுப்பதற்கு அங்கே வேறு பூவே இல்லை.

உன் அம்மா